இரணைமடு 'இரணமடு' ஆனால் என்ன செய்வது? புத்தகம் போட்டவர்கள் கேட்டவை

வவுனியாவில் அச்சகமொன்றில் பல வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். வழிகாட்டி, கோயில் மலர், ஊர் வரலாறு என்று சொந்தக் காசில் அச்சடித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

கிளிநொச்சி வாசகர்: அண்ணை, வன்னி வழிகாட்டி 500 பிரதி அடித்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிறு வெளியீடு. நேற்றிரவுதான் கண்டேன், ஒரு தலைப்பில் 'இரணமடுக் குளம்' என்று கிடக்கிறது. ஐந்து பேர் மெய்ப்புப் பார்த்தவை!

விழாவைத் தள்ளிப் போடாதேங்கோ தம்பி. ஆனால் இதை அப்படியே விடவும் கூடாது. இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்களைச் சேர்த்துக் கட்டிய குளம், அதனால் அந்தப் பெயர். ஐகாரம் விழுந்ததும் அது புண் மடுவாகிவிட்டது. வேறு ஊரென்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். போர் கண்ட வன்னியில் இரணம் என்ற சொல்லை ஆரும் சும்மா கடந்து போகமாட்டார்கள்.

ஐந்து பேருக்கும் அது தெரியாமல் போனதில் புதுமை இல்லை. பெரிய எழுத்துத் தலைப்பு கண்ணில் படும், வாசிக்கப்படாது. என் அனுபவத்தில் வெட்கக்கேடான பிழையெல்லாம் அட்டை, தலைப்பு, படக்குறிப்பு, வரைபடம் இவற்றில்தான் ஒளிந்திருந்தன.

தலைப்பின் அளவுக்கே ஸ்டிக்கர் அடியுங்கோ, தாளின் நிறத்தில். நாலு பேர் இருந்து ஒட்டினால் ஒரு நாளில் முடியும். அந்தத் தாளையே வெட்டி எடுத்துப் புதியதை ஒட்டுவது வடிவுதான், ஆனால் பசை பைண்டிங்கில் பக்கத்துத் தாளும் கழன்று வரும். பேனையால் மட்டும் திருத்தாதேங்கோ.

மல்லாவி ஆசிரியை: என் நூலில் 'வவுனிக்குலம்' என்றும் 'கிழிநொச்சி' என்றும் வந்துவிட்டன. இரண்டும் ஒரே வகைப் பிழையா, ஐயா?

இல்லைப் பிள்ளை. எங்கள் வாயில் ழவும் ளவும் ஒன்றாகிவிட்டன, ல மட்டும் தனியே நிற்கிறது. ஆகவே 'கிழி' காதால் வந்த பிழை. அதை எழுதியவர் பளையையும் வற்றாப்பளையையும் 'பழை' ஆக்கியிருப்பார், போய்த் தேடுங்கோ. 'குலம்' விரல் தவறியது, எங்கே விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கணினியில் 'குலம்' எல்லாவற்றையும் ஒரே தட்டில் 'குளம்' ஆக்கிவிடாதேங்கோ. வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிய பகுதியில் அவருடைய குலமும் குளமாகிவிடும்.

முல்லைத்தீவு வாசகர்: முறிகண்டியா, முறுகண்டியா? நான் பிழை விட்டேன் என்று ஒருவர் சண்டை பிடிக்கிறார்.

இரண்டும் வழக்கில் உள்ளவை. ஏ9 வீதியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கோ, இரண்டும் வரும். நூல் முழுக்க ஒன்றையே எழுதி, மற்றதை ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

மன்னார் வாசகர்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினோம். அதிலா பிழை புகுந்தது?

புகலாம். பாமினியில் ஐகாரக் குறியை எழுத்துக்கு முன்னால் அடிப்போம், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். இடம் மாறும்போது அது விழுந்துபோகலாம். மாற்றியபின் புது நூல் போலவே முதலிலிருந்து மெய்ப்புப் பாருங்கோ. எழுத்துத் திருத்தியை நம்பிப் பயனில்லை. இரணமும் குலமும் சரியான தமிழ்ச் சொற்கள், அது வாயே திறக்காது. தமிழ் வாத்தியார் பார்த்தாலும், ஊர்ப்பெயர்களை அந்தந்த ஊரில் பிறந்தவர் ஒருவரிடம் உரத்து வாசிக்கக் கொடுங்கோ.

ஓமந்தை வாசகர்: திருத்தி மறுபடி அடித்தால் நூலுக்குப் புது ஐஎஸ்பிஎன் (சர்வதேச நூல் எண்) வேண்டுமா?

எழுத்துப்பிழை திருத்தத்துக்கு வேண்டாம். நூலின் பெயரோ உள்ளடக்கமோ கணிசமாக மாறினால் வேண்டும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: ஐயா, நீங்கள் விட்ட பெரிய பிழை எது?

கோயில் மலரொன்றில் வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பற்றி ஒரு கட்டுரை. கடல்நீரில் விளக்கெரியும் என்று இருக்கவேண்டிய இடத்தில் 'விலக்கெரியும்' என்று போய்விட்டது. அதுவும் படத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில். அந்தச் சொல்லுக்கு வீட்டில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். உபயகாரர் வீட்டுக்கு நானே போய் நின்றேன். அவர் பேசவில்லை. அவருடைய தாயார்தான் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி தந்தா.

கிளிநொச்சி வாசகர் (மறுபடியும்): ஸ்டிக்கர் ஒட்டிய பிரதிக்கு விலை குறைக்கவா, அண்ணை?

வேண்டாம். ஒட்டாத பிரதி ஒன்று எனக்கு எடுத்து வையுங்கோ, முழு விலை தருகிறேன்.