450 வராமல் 420-இல் முகடு வந்தால்

ஈ.கோலை பாக்டீரியாவில் பி450 பிஎம்3 என்ற நொதியை 37 டிகிரியில் தயாரித்தேன், கார்பன் மோனாக்சைடு சேர்த்து ஒளி உறிஞ்சுதலை அளக்கும் சோதனையில் 450-க்குப் பதில் 420 நானோமீட்டரில்தான் முகடு வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நொதிக்குள் இருக்கும் ஹீம் என்ற மூலக்கூறின் இரும்பும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகமும் சேரும் பிணைப்பு கெட்டுப்போனதன் அடையாளம் அது. புரதம் இருக்கும், வேலை செய்யாது.

புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி சேர்க்கும்போதே வெப்பநிலையை 25 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். கூடவே ஹீமுக்கு மூலப்பொருளான டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் 0.5 மில்லிமோலார் போட்டால் ஹீமுக்குத் தட்டுப்பாடு வராது. சென்ட்ரிஃபியூஜ் ஓட்டியதும் அடியில் படியும் செல்கள் செங்கல் நிறமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், செல்களை ஒலியலையால் உடைக்கும் சோனிகேட்டர்! ஐஸ் வைக்காமல் ஓட்டி ஒரு வார உழைப்பை நானே 420 ஆக்கியிருக்கிறேன். விட்டு விட்டு ஓட்டுங்கள், பஃபரில் 10 சதவீதம் கிளிசரால் இருக்கட்டும். சோதனையில் ஹீமின் இரும்பை ஒடுக்கச் சேர்க்கும் டைதயோனைட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.