ஓடைக்கரைக்கும் கதியால் போடலாம்

கேள்வி: வவுனியா வடக்கில் கனகராயன்குளம் பக்கம் எங்கள் வயலை ஒட்டி ஓடும் ஓடை, ஒவ்வொரு மாரியிலும் கரையை அரித்துக்கொண்டு போகிறது. போன வருடம் ஐப்பசியில் கிளிசரியாத் தடிகள் நட்டோம். பாதியை வெள்ளம் கொண்டுபோனது, மீதி கோடையில் காய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: வேலிக்குக் கதியால், அதாவது நட்டால் துளிர்க்கும் உயிர்த்தடி, போடத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மாற்ற வேண்டியது ஆழமும் மாதமும்தான்.

வேலிக் கதியாலை ஒன்றரை அடி இறக்கினால் போதும். ஓடைக்கரையில் அப்படி நட்டால் மாசியில் துளிர்க்கும், வைகாசியில் கருகும். நிலத்தடி ஈரம் கீழே இறங்க இறங்க, வேரால் அதை எட்டிப்பிடிக்க முடியாது. ஆவணியில் ஓடை வற்றிக் கிடக்கும்போது கரையடியில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். எந்த ஆழத்து மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதோ, தடியின் அடி அங்கே போக வேண்டும். பெரும்பாலும் நாலைந்து அடித் தடி தேவைப்படும். முக்கால் பங்கு மண்ணுக்குள் போகட்டும், வெளியே இரண்டு மூன்று கணு இருந்தால் போதும்.

வேலிக்கு முதல் மழையோடு நடுவது சரி. கரையடிக்கு அது ஆகாது, வேர் பிடிக்கும் முன்னமே கார்த்திகை, மார்கழி வெள்ளம் பிடுங்கிவிடும். வெள்ளம் வடிந்து மண் இளகியிருக்கும் தைக் கடைசியில் நடுங்கள். அடுத்த வெள்ளத்துக்குள் வேரோட எட்டொன்பது மாதம் கிடைக்கும்.

கிளிசரியா மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பசளைக்கு நல்லது, வயல் வரம்பில் இருக்கட்டும். கரைக்கு நம்முடைய நொச்சியையும் பூவரசையும்தான் நான் சொல்வேன். நொச்சி வெள்ளத்துக்கு வளைந்து படுத்து, பிறகு எழும்பிவிடும். கசப்பென்று ஆடு மாடும் அதிகம் தொடாது. அதனால் கரையடிக்கு நொச்சி, நடுச்சரிவுக்குப் பூவரசு. பூவரசங்குழையை ஆடு விடாது, முதல் வருடம் முள்ளாவது அடைத்துக் காக்க வேண்டும். கிளுவையும் முள்முருக்கும் ஈரமண்ணில் அழுகும், அவை மேட்டு வேலிக்கே.

பெருவிரல் மொத்தத்துக்குக் குறையாத தடியாக எடுங்கள். வெட்டும்போதே அடியைச் சரிவாகவும் நுனியை மட்டமாகவும் வெட்டிவிட்டால், நூறு தடி குவிந்து கிடந்தாலும் தலைகீழாக நட மாட்டீர்கள். இலையை உருவி, ஓர் இரவு தண்ணீரில் போட்டு, மறுநாளே நட்டுவிடுங்கள். அலவாங்கால் (கடப்பாரையால்) துளை போட்ட பிறகே இறக்க வேண்டும். அடித்து இறக்கினால் பட்டை கிழியும். அப்புறம் மண்ணும் தண்ணீரும் விட்டு, குமிழி வருவது நிற்கும்வரை குத்தி இறுக்குங்கள். அந்தக் குமிழி வந்த இடமெல்லாம் வெற்றிடம், அங்கே வேர் பிடிக்காது. இரண்டடிக்கு ஒன்றாக, வரிசை மாற்றி நடுவது நல்லது.

செங்குத்தாக அறுபட்ட கரையில் நேரே நடாதீர்கள். முதலில் மண்வெட்டியால் சரிவாக்குங்கள். ஆளுயரத்துக்கு மேல் அறுபட்ட வளைவென்றால் தடி மட்டும் தாங்காது, அடியில் கல் அடுக்க வேண்டும். அதற்குக் கமநல சேவை நிலையத்தில் பேசுங்கள், ஓடை ஒதுக்குநிலம் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகத் தெரியாத இடத்தில் அலவாங்கு போடவே வேண்டாம்.

நொச்சி பிடித்த பிறகு இடையிடையே மருதங்கன்று வையுங்கள். அது விதையில் வளர்ப்பது, நாளாகும். ஆனால் பெருத்த மருதின் வேர் பிடித்த கரையை நம் ஆறுகளில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் வருடம் பூவரசைத் தறித்துவிட்டால் பக்கக் கிளை அடர்ந்து வரும், தறித்த தடி அடுத்த துண்டுக் கரைக்குக் கதியாலாகும்.