ஐந்து பேருக்கு நாலு கதிரை

கேள்வி: எனக்கு வயது 46. லண்டன் ஹரோவில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியோடு இருக்கிறேன். மருந்துக்கடை ஒன்றில் பகல் வேலை. இரண்டு வருடமாக நாரி நோவு. பிடரியும் எந்நேரமும் இறுகிக்கிடக்கிறது. வைத்தியர் சோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். குளிசை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சிநேகிதி சொல்லி இப்போது அலெக்ஸாண்டர் முறைப் பாடத்துக்குப் போகிறேன், உடம்பை இறுக்காமல் இருக்கவும் எழும்பவும் பழக்குகிற பாடம். எட்டுப் பாடம் முடிந்துவிட்டது. வகுப்பில் உடம்பு அப்படியே இலேசாகிவிடும். வீட்டுக் கதவைத் திறந்து அரை மணித்தியாலத்துக்குள் பழையபடி இறுகிவிடும். ஒரு பாடம் 45 பவுண்ட். "கதிரையில இருந்து எழும்பப் பழக 45 பவுண்டோ?" என்று இவர் பகிடி பண்ணுகிறார். சோம்பேறியாகக் கிடந்து நோவைத் தேடிக்கொண்டவள் இல்லை நான். மேசைக்கு நாலு கதிரைதான், இரவுச் சாப்பாட்டைக்கூடக் குசினியில் நின்றபடியே முடித்துவிடுவேன். 81 வயது மாமியைச் செற்றியால் தூக்கி எழுப்புவதும் நான்தான். 14 வயது மகளும் இப்போது கூனிக்கொண்டு போன் பார்க்கிறாள். "நிமிர்ந்து இரு" என்று கத்தி அலுத்துவிட்டது. 24 பாடம் முடித்தால் சுகம் வருமா, அல்லது ஃபெல்டன்கிரைஸ் என்ற இன்னொரு அசைவுப் பயிற்சி வகுப்புக்கு மாறட்டுமா?

— ஹரோ வாசகி

பதில்: தங்கச்சி, 24 பாடமா ஃபெல்டன்கிரைஸா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். வீட்டில் ஐந்து பேர். கதிரை நாலு. ஐந்தாவது கதிரை ஏன் இல்லை என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, அதை ஒரு குறையாகக்கூட எனக்கு எழுதவில்லை. "நான் சோம்பேறி இல்லை" என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள்.

நாரி நோவு என்று கடிதம் வராத மாதமே இந்தப் பகுதிக்குக் கிடையாது. அனேகமான கடிதங்களில் இப்படி ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும். நின்றபடி சாப்பிட்டேன், எல்லோரும் படுத்த பிறகு சாப்பிட்டேன், மிச்சத்தைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டேன். எழுதுகிறவர்கள் அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறார்கள்.

கிழமைக்குக் கிழமை காசு கட்டி, கதிரையில் இருக்கவும் எழும்பவும் பழகப் போகிறீர்கள். வீட்டில் உங்களுக்கென்று ஒரு கதிரை இல்லை. பகிடி பண்ணுவதென்றால் உங்கள் கணவருக்கு முன்னால் நான்தான் பண்ண வேண்டும்.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, சரி. உங்களுக்காவது விளங்கியதா? ஆசிரியை உங்கள் பிடரியில் கையை மெல்ல வைத்துக்கொண்டு, "இப்போது எழும்பப் போகிறோம்" என்கிறார். நீங்கள் இன்னும் அசையவே இல்லை. அதற்குள் பிடரி இறுகுகிறது, தலை பின்னுக்கும் கீழுக்கும் இழுபடுகிறது, மூச்சு நின்றுவிடுகிறது. அவருடைய கைக்கு அது தெரியும். அதனால் "எழும்பவேண்டாம்" என்கிறார். எழும்பச் சொல்லிவிட்டு எழும்பாமல் இருக்கப் பழக்குகிறார். கழுத்து விட்டுக்கொடுத்த பிறகு, தலை முன்னே போக, உடம்பு தானாக அதன் பின்னால் வருகிறது. உங்களுக்கு உடம்பு இலேசாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ பாரம். அது முதுகெலும்பின் உச்சியில், இரண்டு காதுகளுக்கும் நடுவில் உள்ள மூட்டில் இருக்கிறது. பிடரியை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரத்தை முதுகெலும்பின் மேல் கீழ்நோக்கி அமுக்குகிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று உங்கள் நாரியைத்தான் கேட்க வேண்டும்.

இந்த முறையைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் வைத்தியர் இல்லை. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் நாடக வசனங்களை ஒப்புவிக்கும் நடிகர். மேடையேறினால் குரல் கம்மிப்போகும். வைத்தியர்கள் பேசாமல் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வில் குரல் திரும்பி வரும், மேடையில் மறுபடியும் போகும். அந்த மனிதர் கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கும்: ஓய்வில் வருகிற குரல் மேடையில் போகிறதென்றால், மேடையில் நான் என்னவோ செய்கிறேன். அது என்ன? கண்ணாடிகளை வைத்து மாதக்கணக்கில் தன்னையே பார்த்தார். வசனம் சொல்லத் தொடங்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுக்கிறார், தொண்டையை அமுக்குகிறார், மூச்சை வாயால் உறிஞ்சுகிறார். சரி, தலையை முன்னே விடுவோம் என்று பார்த்தால், விட்டதாக அவருக்குத் தோன்றுகிறது, கண்ணாடியிலோ தலை பின்னுக்கே போகிறது. பழகிய கோணல் உடம்புக்கு நேராகத் தெரியும். கடைசியில் அவர் பிடித்த வழி, பேசவேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பேசாமல் நிற்பது. அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு எப்படி என்று தீர்மானிப்பது. 1904இல் லண்டனுக்கு வந்து, 1955இல் இறக்கும்வரை அதைத்தான் கற்பித்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வகுப்பில் வருகிற இலேசு வீட்டில் போகிறதென்றால், வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

நானே சொல்கிறேன். இரவு எட்டு மணி. குசினி மேடையில் உங்கள் சாப்பாட்டுக் கோப்பை இருக்கிறது, இடுப்பளவு உயரத்தில். அதை நோக்கி நாரியை வளைக்கிறீர்கள். பாரம் முழுக்க ஒரு காலில். வாயில் ஒரு பிடி பிட்டு. கழுத்து மேசைப் பக்கம் திரும்பியிருக்கிறது, யாருக்குச் சொதி முடிந்தது என்று பார்க்க. "அம்மா" என்று ஒரு சத்தம். அந்தச் சொல் முடியும் முன்பே அகப்பை உங்கள் கையில், மூச்சு நெஞ்சுக்குள். ஆசிரியையின் கை அந்த நேரத்தில் உங்கள் பிடரியில் இருக்க வேண்டும்! "எழும்பவேண்டாம்" என்று அங்கே சொல்ல ஒருவரும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறீர்கள்.

நாற்பத்தைந்து பவுண்டுக்கு நீங்கள் பழகுவது, கூப்பிட்ட குரலுக்கு உடம்பு பாய்வதற்கு முன் ஒரு கணம் நிற்க. அதை வகுப்பில் மட்டும் பழகுகிறீர்கள். ஒருநாளும் "கொஞ்சம் பொறு, நான் சாப்பிடுகிறேன்" என்று நீங்கள் சொன்னதில்லை என்று பந்தயம் கட்டுவேன். யாரும் உங்களை நிற்கச் சொல்லவில்லை, தங்கச்சி. நீங்களாக நின்றீர்கள். மற்றவர்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

மாமி விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பழங்காலத்து மனுஷி, மறைக்கமாட்டேன். வயதான தாயை வீட்டில் வைத்துப் பார்ப்பது கடமை. 81 வயதில் அவவை எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்று எழுத என் கை வராது. ஆனால் அந்தக் கடமை முதலில் யாருடையது? பெற்ற மகனுடையது. மருமகளின் நாரியை அடைவு வைத்து மகன் புண்ணியம் தேடுவதை நான் கடமை என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர் வீட்டில் நிற்கும் நேரமெல்லாம் மாமியை எழுப்புவது அவர் வேலை. இரவில் கழிவறைக்குக் கூட்டிப்போவதும் அவர் வேலை. "அவருக்குப் பழக்கமில்லை" என்று பதில் எழுதாதீர்கள். உங்களுக்கும் பிறக்கும்போது பழக்கமில்லை.

கதிரையில் இருந்து எழும்பப் பழகக் காசா என்று கேட்கிற மனுஷனின் தாய், அதே வீட்டில், செற்றியில் இருந்து எழும்ப முடியாமல் இருக்கிறா. அவருக்கு இது உறைக்கவேயில்லையா? இன்றைக்கே அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமிக்குச் சொல்லிக்கொடுங்கள். முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குக் கீழே, சற்றுப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னே சாய வேண்டும். கைப்பிடியை ஊன்றி எழும்ப வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்துத் தூக்குவதை நிறுத்துங்கள். அது அவவின் தோளுக்கும் கூடாது, உங்கள் நாரிக்கும் கூடாது. தாழ்ந்த, புதைகிற செற்றியில் இருத்தாமல், கைப்பிடி உள்ள உயரமான கதிரையில் இருத்துங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போகும்.

அப்புறம் கவுன்சில், அதாவது உங்கள் பகுதி உள்ளூராட்சி சபை. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, இங்கிலாந்தில் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிற நீங்கள் உங்கள் தேவையை மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். மாமிக்கும் தனியாகக் கேட்கலாம். அதற்குக் காசில்லை. கழிவறைக்கு உயர்த்திய இருக்கை, கட்டிலுக்குப் பிடி மாதிரியான சாமான்கள் தேவை என்று அவர்கள் கண்டால், ஒவ்வொன்றும் 1,000 பவுண்டுக்குள் அடங்கினால், இலவசமாகவே கொடுப்பார்கள். நம்மவர்கள் இதைக் கேட்பதை மானக்கேடாக நினைக்கிறார்கள். வரி கட்டுவதை அப்படி நினைப்பதில்லை.

மகளைப் பார்த்துக் கத்துவதை விடுங்கள். "நிமிர்ந்து இரு" என்றவுடன் பிள்ளை நெஞ்சைத் தள்ளி, தோளைப் பின்னுக்கு இழுத்து, நாரியை வளைத்து ஒரு நிமிடம் விறைத்துக்கொண்டிருப்பாள். அது கூனலுக்கு மாற்று இல்லை, இன்னொரு இறுக்கம். உங்கள் ஆசிரியை ஒருநாளாவது உங்களை நிமிரச் சொல்லியிருக்கிறாவா? 14 வயதுப் பிள்ளை நீங்கள் சொல்வதைக் கேட்டு ஒன்றும் பழகப்போவதில்லை. உங்களைப் பார்த்துத்தான் பழகும். நாளைக்குக் கலியாணம் கட்டிப் போன வீட்டில் அவளும் குசினியில் நின்று சாப்பிட்டால், அதை எந்த வகுப்பில் பழகினாள் என்று நீங்கள் கேட்கமுடியாது. மற்றப் பிள்ளையும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மேசையில் இருந்தபடி அம்மாவைக் கூப்பிட்டால் கறி வரும் என்று அது பழகிக்கொண்டிருக்கிறது.

சரி, நீங்கள் கேட்ட கேள்வி. 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இங்கிலாந்தில் நீண்டகால நாரி நோவுக்காரர் 579 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களுக்கு நாலு கிழமையில் இடைநிலைக் கணக்கில் 21 நாள் நோவு. 24 அலெக்ஸாண்டர் பாடம் எடுத்தவர்களுக்கு 3 நாள். ஆறு பாடம் எடுத்தவர்களுக்கும் நல்ல குறைவு இருந்தது, அவ்வளவு இல்லை. ஆகவே பாடத்தை விடவேண்டாம், எட்டோடு நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அது நாளாந்த வேலைக்குள் கொண்டுபோவதற்கான பாடம். வகுப்பிலேயே விட்டுவிட்டு வருகிறவருக்கு 24 என்ன, 48 எடுத்தாலும் காசுதான் செலவு.

ஃபெல்டன்கிரைஸ் பௌதிகம் படித்தவர், யூடோக்காரர். தன் முழங்கால் காயத்தோடு மல்லுக்கட்டி ஒரு முறையை உண்டாக்கினார். தரையில் படுத்து, மிக மெதுவாக, சின்னச் சின்ன அசைவுகள். நல்லதுதான். ஆனால் அங்கே மாறினாலும் வீட்டுக்கு வந்து அதே மேடையில் அதே கோப்பையோடுதான் நிற்பீர்கள். மாறவேண்டாம்.

வேலையால் வந்தவுடன் குசினிக்குள் போகாதீர்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, தரையில் மல்லாந்து படுங்கள். தலைக்குக் கீழே இரண்டு மூன்று புத்தகம், முழங்கால் மடித்து, பாதம் தரையில். பதினைந்து நிமிடம். ஆசிரியை இதைக் கட்டாயம் காட்டியிருப்பா, நீங்கள் "நேரமில்லை" என்று விட்டிருப்பீர்கள். கதவைத் தட்டினால் திறக்கவேண்டாம். தேத்தண்ணீர் போட அந்த வீட்டில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: நோவு காலுக்கு இறங்கி மரத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ, பாடம் படுக்கை என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இந்தச் சனிக்கிழமை ஐந்தாவது கதிரை வாங்குங்கள். ஒரு பாடத்தின் காசுக்குள் பழைய கதிரை ஒன்று கிடைக்கும். தேடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவது உங்கள் கணவர். கறிச்சட்டிகளை மேசைக்குக் கொண்டுவந்து வையுங்கள், வேண்டியவர் போட்டுச் சாப்பிடட்டும். ஒன்பதாவது பாடத்தில் கதிரைப் பயிற்சியை விட்டுவிட்டு, பாத்திரம் கழுவ நிற்பதையும், சோற்றுப்பானை தூக்குவதையும், இன்னொருவரை எழுப்பிவிடுவதையும் காட்டச் சொல்லி ஆசிரியையிடம் கேளுங்கள். பத்தாவது பாடத்துக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த 45 பவுண்டை மகன் கட்டட்டும்.