எண்ணெய் போட்டு எட்டு கிலோமீட்டரில் கார் நின்றுவிட்டது: யாரிடம் கேட்பது?

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): வணக்கம். சிரம்பானில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு மாலை குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. எண்ணெய் முள் அடியில் இறங்கிவிட்டதால் நெடுஞ்சாலையை விட்டு வெளியே வந்து, ஒரு சிறிய நிலையத்தில் 35 லிட்டர் ரோன் 97 பெட்ரோல் போட்டேன். எட்டு கிலோமீட்டர் போவதற்குள் கார் திக்கித் திணறியது, என்ஜின் விளக்கு எரிந்தது, பிறகு நின்றே விட்டது. இழுவை வண்டியில் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தோம். தொட்டியில் தண்ணீர் என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். பில் 1,480 வெள்ளி. நிலையத்துக்குப் போன் செய்தால், "வேறு யாரும் புகார் சொல்லவில்லையே" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். தொட்டியிலிருந்து இறக்கிய எண்ணெய் இப்போது எங்கே? இதைப் படித்த கையோடு வொர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து, கொட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படி வரும் பல கடிதங்களில் ரசீது இருக்கும், படம் இருக்கும், பில் இருக்கும். எண்ணெய் மட்டும் இருக்காது. மெக்கானிக் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு அதை அப்புறப்படுத்தியிருப்பார். அத்தோடு உங்கள் சாட்சியும் போய்விடும்.

மாதிரி இன்னும் இருந்தால், சுத்தமான கண்ணாடிப் புட்டி இரண்டில், ஒவ்வொன்றிலும் அரை லிட்டராவது எடுக்கச் சொல்லுங்கள். தேதி, கார் எண், கிலோமீட்டர் கணக்கு ஆகியவற்றை எழுதி ஒட்டி, மெக்கானிக்கும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அசையாமல் வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புட்டிகள் வொர்க்‌ஷாப்பிலேயே இருக்கட்டும். அடுக்குமாடி வீட்டுக்குள் பெட்ரோலைக் கொண்டுபோகாதீர்கள். ஆய்வக அறிக்கை வேண்டுமென்றால், கப்பல் எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வகங்கள் இங்கே உண்டு. தனிநபர் மாதிரியை வாங்குவார்களா, எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு யாரும் சொல்லவில்லை என்ற பதிலைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ, தண்ணீர் ஒரு கிலோ. அதனால் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியிலும் தண்ணீர் அடியில்தான் தங்கும். எண்ணெயை உறிஞ்சும் குழாய் அடியிலிருந்து சற்று உயரத்தில் இருக்கும். மழைநீர் இறங்கி அந்த உயரத்தைத் தொட்டபிறகுதான் அது வண்டிகளுக்கு ஏறும். காலையில் போட்டவருக்கு ஒன்றும் ஆகாமல், மாலையில் போட்ட உங்களுக்கு ஆவது இதனால்தான். நிலையங்களில் அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவித் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் பட்டால் பசையின் நிறம் மாறும். அன்றைய அளவுக் குறிப்பைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காட்ட மறுத்தால், மறுத்ததும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

உங்களுக்குச் சாதகமான இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர் வண்டிகள் முக்கால் தொட்டி எண்ணெயோடுதான் இங்கிருந்து எல்லையைத் தாண்ட வேண்டும், தவறினால் 500 வெள்ளி வரை அபராதம். போகும் வழியில் பழுதாகியிருந்தால், "தண்ணீர் உங்கள் ஊர் எண்ணெயிலிருந்தே வந்திருக்கலாம்" என்று அவர்கள் சொல்லிவிட முடியும். நீங்களோ திரும்பும் வழியில், முள் அடியில் இருக்கும்போது 35 லிட்டர் போட்டிருக்கிறீர்கள். தொட்டியில் இருந்தது ஏறக்குறைய முழுவதும் அவர்கள் எண்ணெய்தான். ரசீதில் நேரமும் லிட்டரும் தெளிவாக இருந்தால் இந்த வாதம் வலுவாக நிற்கும்.

ரோன் 97 என்று எழுதியிருக்கிறீர்கள், ரசீதிலும் அப்படியே இருக்கும் என நம்புகிறேன். வெளிநாட்டு வண்டிகளுக்கு ரோன் 95 விற்பதை மலேசியா 2010 ஆகஸ்டிலிருந்தே தடைசெய்துவிட்டது. 95 போட்டவர் புகாரோடு போனால் முதலில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பில்லையும் மாற்றி வாங்குங்கள். 'எண்ணெய் அமைப்பு சர்வீஸ்' என்று ஒற்றை வரியில் 1,480 வெள்ளி போட்டிருந்தால் எந்த நடுவரும் ஏற்கத் தயங்குவார். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, எந்தப் பாகத்தை ஏன் மாற்றினார்கள், கழுவியதற்கு எவ்வளவு, வடிகட்டிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். என்ஜினுக்குள் எண்ணெயைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றியிருந்தால் பழையதைக் கேட்டு வாங்கி வையுங்கள். இழுவைக் கட்டணத்தையும் வீணாய்ப்போன எண்ணெயின் விலையையும் தயங்காமல் சேர்த்துக் கேளுங்கள்.

இனி, எங்கே போவது? நம்முடைய சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரையிலும் விசாரிக்கும். ஆனால் எதிர்த்தரப்பு மலேசியாவில் இருக்கும்போது இங்கே வாங்கும் உத்தரவை அங்கே நிறைவேற்றுவது பெரும்பாடு. நிலையம் எந்த நாட்டிலோ அந்த நாட்டில் கேட்பதே என் யோசனை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அங்குள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். விசாரணைக்கு நேரில் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் தனியாக ஒரு புகார் கொடுங்கள். அதை இன்றே செய்யுங்கள். அதிகாரிகள் போகும்போது அதே எண்ணெய் அந்தத் தொட்டியில் இருந்தால்தானே பயன்.

முதல் கடிதம் நிலையத்துக்கு மட்டும் போகக் கூடாது. அது எந்த எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் நடக்கிறதோ, அந்த நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் அனுப்புங்கள். மாதிரி கையில் இருக்கிறது என்று தெரிந்தால் நடுவர் மன்றம் வரை போகாமலே பேசி முடிக்க முன்வருவார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி): இந்தத் தொல்லையெல்லாம் அந்தப் பக்கம்தானே? சிங்கப்பூரில் போட்டால் பயமில்லை அல்லவா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது அம்மா. அந்தப் பக்கத்து எண்ணெய் முழுவதையும் குறை சொல்வதும் நியாயமில்லை. தினமும் எத்தனையோ ஆயிரம் வண்டிகள் அங்கே போட்டுக்கொண்டு பத்திரமாக ஓடுகின்றன. கலப்படம் எங்கும் நடக்கலாம். பெரும்பாலும் அது யாரும் வேண்டுமென்று செய்வதல்ல, கிடங்கில் நடக்கும் தவறு. 2007இல் இங்கிலாந்தின் தென்கிழக்கில் பெட்ரோலில் சிலிக்கான் கலந்து, கார்களின் ஆக்சிஜன் உணரிகள் கெட்டு, வண்டிகள் இழுக்காமல் தவித்தன. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் தாம்பா துறைமுகக் கிடங்கிலிருந்து போன பெட்ரோலில் டீசல் கலந்திருந்தது. இடாலியா சூறாவளிக்கு முன் மக்கள் ஊரைக் காலி செய்யத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் நடுவழியில் நின்றவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

நம் துறைமுகத்திலேயே 2022இல் நடந்தது. ஏறக்குறைய 200 கப்பல்களுக்குப் போன எரிபொருளில் குளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருந்தன. சுமார் 80 கப்பல்கள் எண்ணெய் பம்பிலும் என்ஜினிலும் கோளாறு என்று தெரிவித்தன. கடல்துறை, துறைமுக ஆணையம் விசாரித்து நடவடிக்கை எடுத்தது. அது கார் எண்ணெய் அல்ல, கப்பல் எண்ணெய். ஆனாலும் கட்டுப்பாடு மிகுந்த இடத்திலும் தவறு நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே போட்ட எண்ணெயால் பழுதானால் உங்கள் வழி எளிது. விற்ற பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிலையத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். அங்கும் முடியவில்லையென்றால் சிறு கோரிக்கைகள் மன்றம்: இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது. அங்கும் மாதிரிதான் முதலில் கேட்கப்படும்.

கேள்வி (பொங்கோல் வாசகர்): டிசம்பர் விடுமுறையில் நியூசிலாந்தின் தென்தீவில் கேம்பர்வேன் எடுத்து ஒன்பது நாள் சுற்றினோம். ஐந்தாம் நாள் மலைப்பாதையில் வண்டி இழுக்கவில்லை, பிறகு கிளம்பவே இல்லை. டீசலில் தண்ணீர் என்று சொல்லி வாடகை நிறுவனம் எங்கள் கடனட்டையிலிருந்து பெருந்தொகையைப் பிடித்துவிட்டது. கூடுதல் பணம் கட்டி முழுக் காப்புறுதி எடுத்திருந்தோமே?

பதில்: குழந்தைகளோடு மலைப்பாதையில் நின்ற அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் 'முழு' என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. மோட்டார்வீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில், தவறான எரிபொருள், கெட்ட எரிபொருள், தொட்டியில் தண்ணீர் ஆகியவற்றால் வரும் சேதம் காப்புறுதியில் சேராது என்று ஒரு வரி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி முடிந்துவிடவில்லை. தண்ணீர் எப்படி வந்தது? கேம்பர்வேனில் குடிநீர்த் தொட்டிக்கு ஒரு வாய், டீசலுக்கு ஒரு வாய், சில வண்டிகளில் டீசல் புகையைச் சுத்தமாக்கும் ஆட்புளூ என்ற திரவத்துக்கு இன்னொரு வாய். களைத்துப்போய் முகாமுக்கு வந்து இருட்டில் தண்ணீர்க் குழாயை டீசல் வாய்க்குள் விட்டவர்கள் உண்டு. ஆட்புளூ என்பதும் பெரும்பகுதி தண்ணீர்தான், 32.5 விழுக்காடு யூரியா கலந்தது. அது டீசல் தொட்டிக்குள் போனால் உப்புப் படிகம்போல் உறைந்து பம்பைக் கெடுத்துவிடும். உங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் கோபப்படாமல் கேளுங்கள்.

செய்யவில்லை என்றால் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, நீங்கள் போட்ட நிலையத்து டீசல். இன்னொன்று, வண்டி உங்களிடம் வரும்போதே அடியில் தண்ணீர் இருந்தது. பருவம் முடிந்தபின் தொட்டி பாதி காலியாக நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளில் ஈரம் உள்ளே படிந்து சேரக்கூடும். டீசல் வடிகட்டியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது இறக்க வேண்டியது வண்டிக்காரர் பொறுப்பு. எனவே மூன்று தாள்களைக் கேளுங்கள்: மெக்கானிக்கின் அறிக்கை, கடைசியாக வடிகட்டி மாற்றிய தேதி, மாதிரிச் சோதனை முடிவு. இவை இல்லாமல் பணம் பிடித்தது சரியில்லை என்று அட்டை கொடுத்த வங்கியில் ஆட்சேபம் தெரிவியுங்கள். அதற்குக் கெடு உண்டு, இந்த வாரமே பேசுங்கள். நிலையத்துத் தவறு என்று தெரியவந்தால், அந்நாட்டின் 1993ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் உத்தரவாதச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். எரிபொருள் தரத்தைக் கண்காணிக்கும் அரசுப் பிரிவும் அங்கே உண்டு. எண்ணெய் போட்ட ஒவ்வொரு இடத்தின் ரசீதும், இல்லையென்றால் அட்டைக் கணக்கின் வரியும் தேவைப்படும்.

அடுத்த முறை வண்டியை எடுக்கும்போதே எந்த வாய் எதற்கு என்று படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள். பம்ப் கைப்பிடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். எழுத்தைப் படியுங்கள். டீசல் வண்டியின் வாய் அகலமானது, பெட்ரோல் குழாய் அதற்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும்.

கேள்வி (ஈசூன் வாசகர்): எப்போதும் 98தான் போடுகிறேன். கலப்படத்திலிருந்து தப்பிக்கலாம் அல்லவா?

பதில்: இல்லை. 92, 95, 98 என்பவை எண்ணெய் காலத்துக்கு முன் வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்கள், சுத்தத்தின் அளவு அல்ல. 98இன் தொட்டிக்குள்ளும் மழைநீர் இறங்கும். 2021 பிப்ரவரியிலிருந்து 98க்கு லிட்டருக்கு 79 காசும் 92, 95க்கு 66 காசும் வரி கட்டுகிறோம். கையேட்டில் 95 போதும் என்று இருந்தால் அதையே போடுங்கள்.

கேள்வி (சுவா சூ காங் வாசகி): தண்ணீரை உறிஞ்சும் என்று சொல்லி ஒரு புட்டி மருந்து விற்கிறார்கள். வாங்கி வைக்கலாமா?

பதில்: அதில் பெரும்பாலும் இருப்பது ஒருவகை ஆல்கஹால். தொட்டியில் வேர்த்த சில துளி ஈரத்தை எண்ணெயோடு கலக்கச் செய்யும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு அது போதாது. தொட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஜூரோங் வாசகர்): என் தம்பி பெட்ரோல் காரில் அவசரத்தில் பத்து லிட்டர் டீசல் போட்டுவிட்டான். இன்னும் காரைக் கிளப்பவில்லை, நிலையத்திலேயே நிற்கிறது. உடனே சொல்லுங்கள்.

பதில்: உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். சாவியைத் திருப்பவே கூடாது. பல கார்களில் என்ஜின் ஓடாமலே, சாவியைத் திருப்பியவுடன் பம்ப் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளிவிடும். நிலையப் பணியாளரிடம் சொல்லி, கியரை நியூட்ரலில் வைத்து ஓரமாகத் தள்ளுங்கள். கியரை விடுவிக்கச் சாவி தேவைப்படும் கார் என்றால் தள்ள முயலாமல் இழுவை வண்டிக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் தொட்டியை இறக்கிக் கழுவுவதோடு முடிந்துவிடும். இது நாமே செய்த தவறு என்பதால் நிலையத்தைக் கேட்க வழியில்லை. கார் காப்புறுதி நிறுவனத்திடம் இழுவைச் சேவை இருக்கிறதா என்று மட்டும் போன் செய்து கேளுங்கள்.