கேள்வி பதில்: கிராஃபிக்ஸ் கார்டை எதுவரை விரட்டலாம்?

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3080 வைத்திருக்கிறேன். ஓவர்கிளாக் செய்ய, அதாவது கார்டை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எதையும் மாற்றாமல், வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓட்டி கோர் (கணக்கிடும் சிப்) சூடு, மெமரி சூடு, கிளாக் (ஓடும் வேகம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெமரி சூட்டை எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். இந்தக் கார்டின் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் வேகம் தானாகவே இறங்கிவிடும். 100-க்கு மேலேயே நிற்கிறதா? ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு, மெமரியின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேடைக் கவனியுங்கள்.

சரி, சூடு பரவாயில்லை என்றால் ஆஃப்டர்பர்னர் என்ற ஓவர்கிளாக் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சார வரம்பை) முழுக்க ஏற்றுங்கள். அது கார்டு செய்தவர்களே விட்டுவைத்த அளவுதான். கோரை 15, 15 மெகாஹெர்ட்ஸாக ஏற்றிச் சோதியுங்கள். கிராஷ் ஆனதும் 30 இறக்குங்கள். அப்புறம் கோரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மெமரியைத் தனியாகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது கவிழ்த்தது என்றே தெரியாது.

விண்டோஸ் திறக்கும்போதே செட்டிங் ஏறும்படி டிக் போட இப்போது அவசரமே வேண்டாம். செட்டிங் தவறாக இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கவிழும்; சேஃப் மோடில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: 3060-க்கு எவ்வளவு போடலாம்?

பதில்: சிப்புக்குச் சிப்பு மாறும். மேலே சொன்ன வழிதான்.

கேள்வி: 3080 மெமரியில் +1200 வைத்தேன், கிராஷே இல்லை. ஆனால் வேகச் சோதனையில் ஸ்கோர் குறைகிறதே?

பதில்: நல்ல கேள்வி. இந்த மெமரி பிழையைக் கண்டுபிடித்தால் கவிழாது, அதே தரவை மறுபடி அனுப்பும். அதில் நேரம் வீணாகும். எனவே கிராஷுக்காகக் காத்திருக்காமல், ஸ்கோர் எந்த இடத்தில் ஏறுவதை நிறுத்துகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே நில்லுங்கள். டிக் போட்டுவிட்டீர்களா? எடுங்கள்.

கேள்வி: ஃபர்மார்க் என்ற கடுஞ்சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம் ஓடியது. கேமில் மட்டும் கவிழ்கிறது.

பதில்: ஃபர்மார்க் பவர் லிமிட்டை முட்டிவிடும், உடனே கிளாக் இறங்கிவிடும். நீங்கள் ஏற்றிய உயர் கிளாக் அங்கே சோதனைக்கே வரவில்லை. லேசான கேமில்தான் அது வெளிப்படும்.

கேள்வி: 4060-க்கு எவ்வளவு போடலாம்?

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: அண்ணா, இவ்வளவு பயம் எதற்கு? வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் என்று இன்னொரு கூட்டம் வேறு. வோல்டேஜை ஏற்றாமல் என்ன ஓவர்கிளாக்?

பதில்: தம்பி, கோர் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 1.05 வோல்ட்டிலிருந்து 0.9-க்கு வந்தால், அதே கிளாக்கில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். 3080-க்கு 320 வாட் என்பது ஏற்கெனவே பற்றாத பட்ஜெட். மிச்சமானது கிளாக்காகத் திரும்பி வரும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் ஆடிப் பாருங்கள், புரியும்.

அதே நபர்: உலக சாதனை செய்பவர்கள் வோல்டேஜை ஏற்றுகிறார்களே?

பதில்: அவர்கள் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள், மைனஸ் 196 டிகிரி. ஒரு டெஸ்ட் முடியும்வரை ஓடினால் அவர்களுக்குப் போதும். உங்களுக்கு ராத்திரி முழுக்க ஓட வேண்டும்.

அதே நபர்: அப்படியென்றால் அண்டர்வோல்ட் செய்தால் ஓவர்கிளாக் இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: பெயர் என்னவாவது இருக்கட்டும். இரண்டையும் ஓட்டி, ஸ்கோரையும் வாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், பேசலாம்.

கேள்வி: லேப்டாப்பில் செய்யலாமா?

பதில்: முதலில் ஃபேன் தூசியைத் தட்டுங்கள்.

கேள்வி: 3070-க்கு எவ்வளவு...

பதில்: இரண்டாவது பதில். டிக் போடாதீர்கள்.