எலிக்காய்ச்சல்: இரண்டாம் தடவை இரத்தம் எதற்கு?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எழுதுகிறேன். காலபோக வயலில் நின்ற என் கணவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மறித்து, எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருந்து ஏற்றினார்கள். அன்று எடுத்த இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. ஆளும் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது திரும்பவும் இரத்தம் தர வரச் சொல்கிறார்கள். வயல் வேலையை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் போக வேண்டும். முதல் அறிக்கையை வைத்து ‘எலிக்காய்ச்சல் இல்லை’ என்று முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் நாள் இரத்தம் அநேகமாக அப்படித்தான் காட்டும்.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. ஆய்வுகூடத்தில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் பல வகைகளை உயிருடன் வளர்த்து வைத்திருப்பார்கள். உங்கள் கணவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தை அவற்றோடு கலந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து, கருமையான பின்னணி கொண்ட நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பிறபொருளெதிரி இல்லையென்றால் கிருமிகள் மெல்லிய வெள்ளி நூல்களாகத் தனித்தனியே நெளிந்து திரியும். இருந்தால் ஒன்றோடொன்று சிக்கித் திரளும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ‘ஒருங்கொட்டல்’ என்று சொல்லும்.

திரள்வதற்குக் காரணம் பிறபொருளெதிரியின் அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரியான பற்றுமுனைகள் குறைந்தது இரண்டு உண்டு. ஒரு முனை ஒரு கிருமியைப் பிடிக்க, மற்ற முனை பக்கத்துக் கிருமியைப் பிடிக்கும். கிருமியின் மேற்பரப்பில் பிடிக்கத்தக்க இடங்கள் ஏராளம் என்பதால் இந்த இணைப்புகள் பல திசையிலும் பெருகி வலைபோல் ஆகிவிடும். தொற்றுக்குப் பின் முதலில் உருவாகும் ஐ.ஜி.எம். வகைக்குப் பத்து முனைகள். திரட்டுவதில் அது மிகவும் கெட்டி. உடம்புக்குள்ளும் இதனால் பயன் உண்டு: திரண்ட கிருமிகளை வெண்குழியங்கள் விழுங்குவது இலகு.

1896இல் குரூபர், டர்ஹம் என்ற ஆய்வாளர்கள் பக்டீரியாக்கள் இப்படித் திரள்வதைக் கண்டு விளக்கினார்கள். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனிதக் குருதி இனங்களைப் பிரித்ததும் செங்குழியங்கள் இப்படித் திரள்வதைப் பார்த்துத்தான்.

ஆனால் பிறபொருளெதிரி உருவாக நாள் எடுக்கும். எலிக்காய்ச்சலில் காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாளுக்குப் பிறகுதான் அது இரத்தத்தில் தலைகாட்டும். இந்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டாம் கிழமையில். அதுவரை காத்திருந்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகலாம். அதனால்தான் அறிக்கையைப் பார்க்காமலே வைத்தியர்கள் மருந்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரி.

‘அப்படியென்றால் இரண்டாம் இரத்தம் மட்டும் போதாதா’ என்று கேட்பீர்கள். வன்னியில் அது போதாது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்து நீரில் ஆண்டாண்டாய் வயல் செய்த ஒருவருக்கு, தெரியாமலே வந்துபோன பழைய தொற்றின் பிறபொருளெதிரி மிஞ்சியிருக்கலாம். ஒருமுறை திரள்வதைப் பார்த்தால் அது பழசா புதுசா என்று சொல்ல முடியாது. ஆகவே சீரத்தை 100 மடங்கு, 200, 400, 800 என்று இரட்டித்துக் கரைத்துக்கொண்டே போய், எதுவரை பாதிக் கிருமிகளாவது திரள்கின்றன என்று பார்ப்பார்கள். முதல் இரத்தம் 100இல் நின்று, இரண்டாவது 400 அல்லது அதற்கு மேல் போனால், அதாவது நான்கு மடங்கு ஏறினால், இது இப்போதைய தொற்று. ஒரு படி மட்டும் ஏறினால் கணக்கில் எடுப்பதில்லை. பார்க்கும் கண்ணின் பிழையாலும் அவ்வளவு வித்தியாசம் வரும்.

முதல் இரத்தம் எடுத்து 10 முதல் 14 நாளுக்குள் இரண்டாவதைக் கொடுப்பது நல்லது. போகும்போது காய்ச்சல் தொடங்கிய திகதி, முதல் இரத்தம் எடுத்த திகதி, மருந்து தொடங்கிய திகதி மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். பென்சிலின் அல்லது டொக்சிசைக்கிளின் வெள்ளென ஏறியிருந்தால் பிறபொருளெதிரி குறைவாகவோ பிந்தியோ வரலாம். அறிக்கை வாசிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அதற்கிடையில் சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ திகதி பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அதே வயலில் இறங்குகிற மற்றவர்களையும் யோசியுங்கள். எலி மட்டுமல்ல, மாடு, எருமை, நாயின் மூத்திரத்தாலும் இந்தக் கிருமி சேற்றுக்கு வரும். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். கிழமைக்கு ஒருதடவை எடுக்கும் டொக்சிசைக்கிளின் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தாமாக விழுங்கக் கூடாது; முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.