ஜிஆர்இ எழுதாமல் இயற்பியல் பிஎச்டி: கேள்வி பதில்

அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்டி முடித்துவிட்டு, இப்போது சிங்கப்பூரில் லேசரோடு மல்லுக்கட்டுகிறேன். ஜிஆர்இ என்பது அமெரிக்க மேற்படிப்பில் சேரக் கேட்கும் தேர்வு, பிசிக்ஸ் ஜிஆர்இ அதன் இயற்பியல் பாடத் தேர்வு. இதைப் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில். கேட்டவர்களின் பெயருக்குப் பதில் சிங்கப்பூரில் அவர்கள் இருக்கும் வட்டாரம்.

பூன் லே: அக்கா, கடைசி வருஷம் படிக்கிறேன். பிசிக்ஸ் ஜிஆர்இ எழுதவில்லை. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக, தம்பி. 2020இல் கோவிட்டால் தேர்வு மையங்கள் மூடியபோது நிறைய துறைகள் அதைக் கைவிட்டன. பல துறைகள் அப்படியே விட்டுவிட்டன, சில திரும்பவும் கேட்கின்றன. 'ஏற்பதில்லை' என்று போட்டிருந்தால் நீ உச்ச மதிப்பெண்ணான 990 வாங்கியிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. 'விருப்பம்' என்றால் நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு. விண்ணப்பத்தில் மதிப்பெண் பெட்டியில் 0 என்று மட்டும் போட்டுவிடாதே. இதையெல்லாம் துறையின் பக்கத்தில் பார், பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தில் அல்ல. இரண்டும் சில சமயம் வேறு வேறு சொல்லும்.

ஈசூன்: தேர்வு இல்லையென்றால் எதை வைத்து எடுப்பார்கள்? என் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 5க்கு 4.3.

முதலில், அந்த 4.3ஐ நீங்களாக அமெரிக்காவின் 4 புள்ளி அளவுக்கு மாற்றாதீர்கள். அவர்களே மாற்றச் சொன்னால் ஒழிய, உள்ளபடியே எழுதுங்கள்.

அப்புறம் பரிந்துரைக் கடிதங்கள். பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். "என் வகுப்பில் ஏ வாங்கினார்" என்ற கடிதம் உங்கள் மதிப்பெண் பட்டியலையே திருப்பிச் சொல்கிறது. என்னிடம் இறுதியாண்டு புராஜெக்ட் செய்த ஒரு பெண்ணின் ஒளிக்கற்றை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நகர்ந்துகொண்டே இருந்தது. கண்ணாடி, தாங்கி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஒரு தெர்மாமீட்டரை மேசையில் ஒட்டிவைத்து, ஏர்கான் ஓடி நிற்கும் நேரத்தோடு அது ஒத்துப்போவதைக் காட்டினாள். கடிதத்தில் இதைத்தான் எழுதினேன். அவள் ஜிபிஏயை நான் சொல்லவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். கடிதம் எழுதும் பேராசிரியருக்கு அதை ஞாபகப்படுத்துங்கள், அக்டோபரிலேயே. கெடு பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வந்துவிடும். ஏன் படிக்க வருகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையைச் "சிறுவயதில் நட்சத்திரங்களைப் பார்த்து" என்று ஆரம்பிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிடோக்: ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸும் வேண்டாமா?

அது வேறு, இது வேறு. ஆங்கிலவழிப் பட்டம் இருந்தால் பல இடங்களில் விலக்கு உண்டு. துறைப் பக்கம்!

தெம்பனிஸ்: ஜெர்மனி?

அங்கே ஜிஆர்இயைவிட முதுகலைப் பட்டம்தான் கேள்வி. பிஎச்டி பெரும்பாலும் சம்பள வேலை மாதிரி.

செங்காங்: தேர்வை எடுத்துவிட்டால் தரம் குறையாதா? எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேறு என்ன இருக்கிறது?

வாங்க சார், இதற்காகத்தான் காத்திருந்தேன். 2019இல் ஆய்வாளர் கேசி மில்லரின் குழு 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில், பிசிக்ஸ் ஜிஆர்இ மதிப்பெண் யார் பிஎச்டி முடிப்பார்கள் என்று சொல்வதில்லை என எழுதியது. மறு வருஷமே அதே இதழில் மைக்கேல் வைஸ்மன் என்ற இயற்பியலாளர் அந்தக் கணக்கே தப்பு என்றார். சலித்த மாவில் கட்டி இல்லை என்று பார்த்துவிட்டு, சல்லடை எதற்கு என்று கேட்பது போலத்தான் மில்லர் குழுவின் கணக்கு. சேர்ந்தவர்களை மட்டும் வைத்துப் பார்க்கிறோம். குறைந்த மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்கள் வேறு எதிலாவது கெட்டிக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

செங்காங்: அப்படியானால் நான் சொன்னதுதான் சரி!

பாதி. கணக்கு தப்பு என்பதால் தேர்வு நல்லது என்று ஆகிவிடாது. நான் எழுதியபோது 170 நிமிடத்தில் 100 கேள்விகள். ஆய்வகத்தில் எந்தக் கேள்வியும் இரண்டு நிமிடத்தில் முடிந்ததில்லை. ஆனால் பெயர் தெரியாத கல்லூரியில் படித்த, பெரிய பேராசிரியரின் கடிதம் இல்லாத பிள்ளைக்கு அந்த 990தான் ஒரே சாட்சி. அதில் உங்கள் கட்சிதான் நான்.

உட்லண்ட்ஸ்: ஜிஆர்இ கட்டாயமா?

பூன் லே தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சுவா சூ காங்: ஜிஆர்இ இல்லாமல்...

துறைப் பக்கம்.

பொங்கோல்: தேர்வே கேட்காத இடம் உருப்படியான இடமா என்று அப்பா கேட்கிறார், அக்கா.

உதவித்தொகை கடிதம் வந்ததும் அப்பாவிடம் அதைக் காட்டும்மா. அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்டிக்குப் பெரும்பாலும் கட்டணத்தையும் துறையே பார்த்துக்கொள்ளும்.